இருபத்திரண்டு கிலோ சீஸும் சன்னாசி மாமாவும்

சன்னாசி மாமா வாயைத் திறப்பதற்கு முன்னால் தருமராசு வீட்டுத் தராசைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் திறந்துவிட்டால் பிறகு நமக்கு இடம் கிடைக்காது.

தருமராசு போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய் மண்டியில் முப்பத்தொரு வருஷம் எடை போட்டவர். மூட்டையைக் கையால் லேசாகத் தூக்கிப் பார்த்தே கிலோவும் கிராமும் சொல்லிவிடுவார். மண்டியில் புதுத் தராசு வந்தபோது பழைய மேடைத் தராசை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் போட்டுக்கொண்டார். கூட்டிச் சொல்வது என்பது அந்த மனுஷனுக்கு ஆகவே ஆகாது. "ஊரே திரண்டு வந்துச்சு" என்று யாராவது சொன்னால் "எத்தனை பேரு?" என்று கேட்பார். அவர் மனைவி சரசு "உசுரே போகுது" என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்ததும் "சரி, தலைவலிதான்" என்று குறைத்துக்கொள்வாள்.

மகள் மேகலாவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது அவர் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. மாப்பிள்ளை வீட்டில் யாராவது பொய் சொன்னால் அந்தச் சம்பந்தம் வேண்டாம். இப்படியே நாலு இடம் கழிந்துபோனது. நாலாவது வரனைக் கொண்டுவந்த ஆள் மாப்பிள்ளையின் உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டிச் சொல்லிவிட, தருமராசு பையனை நிலைப்படியில் நிறுத்தி டேப் வைத்து அளந்துவிட்டார்.

ஐந்தாவதாக வந்ததுதான் தவசியின் ஜாதகம். கொடைக்கானல் மேல்மலையில் மஞ்சம்பாறை என்கிற சின்ன ஊர். வெள்ளைக்காரர் ஒருவரின் பண்ணையில் ஆறு வருஷம் வேலை பார்த்து, காய்ச்சாத பாலில் சீஸ் செய்யக் கற்றுக்கொண்டு, இப்போது சொந்தமாகச் செய்கிறான். பொருத்தம் நன்றாக இருக்கிறது என்றதும், பெண் பார்க்க வருவதற்குப் பத்து நாள் முன்பாகவே மரியாதைக்கு ஒரு முழுச் சீஸை ஜீப்பில் அனுப்பிவைத்தான். துணி சுற்றிய வட்டக் கட்டி. ஒன்றரைச் சாண் உயரம். கூடவே ஒரு கடிதம்.

"இங்கே எடை போட்டபோது இருபத்திரண்டு கிலோ நானூறு கிராம். வழியில் காய்ந்து ஐம்பது கிராம் குறையலாம். துணிமேல் பூசணம் இருக்கும், பயப்பட வேண்டாம். தினம் ஒரு தடவை தலைகீழாகத் திருப்பி வைக்கவும். இல்லாவிட்டால் ஈரம் அடியிலேயே தங்கிவிடும்."

தருமராசு அதைத் தராசில் ஏற்றினார். இருபத்திரண்டு கிலோ முந்நூற்றைம்பது. முள்ளையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பய ஒழுங்கா இருப்பான் போலயே" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து மேகலா கேட்டதே இல்லை. தேனியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள் அவள். ஒரு புள்ளி தள்ளி எழுதினால் என்ன ஆகும் என்று தெரிந்தவள். அந்த ஐம்பது கிராமில் அவளும் விழுந்துவிட்டாள். இந்த இடம் கூடி வரவேண்டுமே என்று அன்றைக்கே ஆசைப்பட்டாள்.

சரசுவுக்குத்தான் குமட்டியது. "பூசணம் பூத்ததை எவனாச்சும் சீரா அனுப்புவானா? பயப்பட வேண்டாமாம்ல!" என்று சொல்லி, அதைக் கொல்லையில் சும்மா கிடந்த மாட்டுக்கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள். "கேட்டா, சாப்பிட்டோம், நல்லாருந்துச்சுன்னு சொல்லிரணும்" என்று மகளிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிவைத்தாள்.

பெண் பார்க்கும் நாள் வந்தது. ஐந்து பேர் வருவதாகச் சொல்லி ஐந்து பேர்தான் வந்தார்கள். அதில் தருமராசுவுக்குத் திருப்தி. ஆனால் ஐந்தாவது ஆள் சன்னாசி மாமா. தவசியின் தாய்மாமன். வெள்ளை வேட்டி, முறுக்கிய மீசை, கூடத்தையே அடைத்துக்கொள்ளும் உடம்பு. நாற்காலியில் உட்காரச் சொன்னால், "கால் தொங்கினா முட்டி வலிக்கும். தரையில உக்காந்தா எந்திரிக்க முடியாது. ரெண்டுக்கும் நடுவுல ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

தருமராசுவின் அக்கா காமுத்தாய் அத்தை ஒத்தாசைக்கு வந்திருந்தாள். கண் கொஞ்சம் மங்கல். எங்கேயோ போய் மோடா மாதிரி வட்டமாக ஒரு ஆசனத்தை உருட்டிக்கொண்டு வந்து, அதன்மேல் பூப்போட்ட போர்வையை விரித்து, "உக்காருங்கண்ணே" என்றாள். சன்னாசி மாமா அதில் சாவகாசமாக அமர்ந்தார். வீடெல்லாம் ஏலக்காய் வாசம். காபி வருவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"எங்க மாடுகளைப் பத்திச் சொல்லணும்னா, அதுக புல்லே திங்காது. மலைப்பூவா பாத்துப் பாத்துத் திங்கும். பாலு என்ன கெட்டிங்கிறீக! கறந்து வாளியில ஊத்த முடியாது. பாயாச் சுருட்டித் தோள்ல வெச்சுத்தான் கொண்டாரணும்."

தருமராசுவின் கை நாற்காலியின் கைப்பிடிக்குப் போனது. எழுந்திருக்கப் போகிறார் என்று கதவுக்குப் பின்னால் நின்ற மேகலாவுக்குப் புரிந்துவிட்டது. நாலு வரனும் இப்படித்தான் முடிந்தது.

"நாலு மாடுங்க" என்றான் தவசி மெதுவாக. "ஒண்ணு இப்ப சினை. மத்த மூணும் சேர்ந்து தினம் இருபத்தியேழு லிட்டர். பெரிய சீஸு போடுற அன்னிக்கு ஊர்ல இன்னும் இருநூறு லிட்டர் வாங்கிக்குவேன். பூவெல்லாம் இல்ல, புல்லுதான் திங்குது."

கை கைப்பிடியிலிருந்து இறங்கியது. சன்னாசி மாமா மருமகனை ஒரு பார்வை பார்த்தார்.

"பாலைக் காய்ச்ச மாட்டீங்களாமே?" என்றாள் காமுத்தாய் அத்தை.

"தீயைக் காட்டினா அதுக்குப் பிடிக்காது தாயி. போன ஐப்பசியில ஒருத்தன் கொட்டகையில வந்து பீடி பத்த வெச்சான். நான் கண்ணால பாத்தேன். வாளியில இருந்த பாலு விருட்டுனு எந்திரிச்சு, வந்த வழியே மாட்டு மடிக்குள்ள போயிருச்சு. மறுபடி கறக்க நாங்க மன்னிப்புக் கேக்க வேண்டியதாப் போச்சு."

"யாத்தே! மாட்டுக்கிட்டயா, பாலுக்கிட்டயா?"

"ரெண்டுகிட்டயும்தான்."

"கறந்த சூட்டோட அண்டாவுல ஊத்திருவோம்" என்றான் தவசி, தருமராசுவைப் பார்த்து. "அந்தச் சூடே போதும். காய்ச்சினா அந்த மலையோட ருசி போயிரும். முந்தின நாள் சீஸுல வடிச்ச தண்ணியில ஒரு கரண்டி ஊத்துவோம், புளிப்புக்கு. அப்புறம் உறை மருந்து. ஒரு மணி நேரத்துல பாலு அல்வா மாதிரி நிக்கும்."

"மருந்தா?" சன்னாசி மாமா தொடையில் தட்டிக்கொண்டு அதிர்ந்து சிரித்தார். "அதைச் சொல்லு! எங்க தாத்தா காலத்துல அத்திமரத்துப் பாலுதான். அது எவ்வளவு உக்கிரம்னா, ஒருக்கா அவரு கை தவறி ஒரே ஒரு சொட்டு ஓடையில விழுந்திருச்சு. ஓடை மொத்தமும் உறைஞ்சு போச்சய்யா! அதுல மீனெல்லாம் கேசரியில முந்திரிப் பருப்பு கெடக்கிற மாதிரி அங்கங்க கெடக்கு. மூணு நாளு அரிவாளால ஓடையைக் கட்டங் கட்டமா அறுத்து அடுக்கினோம். கீழ இருக்கிறவன் தண்ணி வரலைன்னு பஞ்சாயத்துக்கு வந்தான். ஆளுக்கு ரெண்டு கட்டி ஓடையைக் குடுத்து அனுப்பிச்சோம்."

தருமராசுவின் கை மறுபடி கைப்பிடிக்குப் போனது.

"அத்திப்பாலு நானும் போட்டுப் பாத்தேங்க" என்றான் தவசி. "கசந்துபோச்சு. பன்னிரண்டு லிட்டர் வீணாப்போச்சு. அப்புறம் போடல."

கை இறங்கியது. வீணாய்ப் போனதைக்கூட லிட்டர் சொல்லி ஒப்புக்கொள்கிறானே என்று மேகலாவுக்கு அவன்மேல் இன்னும் கொஞ்சம் பிரியம் கூடியது. காபித் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். எல்லாருக்கும் கொடுத்து, கடைசியில் சன்னாசி மாமாவுக்கு முன்னால் குனிந்தாள்.

பூப்போட்ட போர்வைக்குக் கீழே வெள்ளைத் துணி ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. அதில் நீல மையில் எட்டு மாதத்துக்கு முந்தைய ஒரு தேதி. பத்து நாளாக அவள் பார்த்துப் பழகிய கையெழுத்து. காமுத்தாய் அத்தை மாட்டுக்கொட்டகையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தது மோடா இல்லை.

தவசி எட்டு மாதம் பாடுபட்டு அனுப்பிய சீரின்மேல் அவனுடைய மாமனையே உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். சொல்லாவிட்டால் மாமா அடிக்கிற ஒவ்வொரு புளுகுக்கும் எம்பி எம்பி உட்காருவதில் சீஸ் இரண்டாகப் பிளந்துவிடும். மேகலா காலி டம்ளர்களோடு அங்கேயே சுவரோரமாக நின்றுவிட்டாள். வெட்கப்படுகிற பெண் இப்படியா கூடத்திலேயே நிற்பாள் என்று அவள் அம்மா கண்ணால் அதட்டினாள்.

"அப்புறம் அழுத்தணும்" என்று தொடர்ந்தார் மாமா. "தயிரை உடைச்சுத் தண்ணியை வடிச்சு, உப்புப் போட்டு, துணியில கட்டி, மேல பாறாங்கல்லு ஏத்தணும். ஒரு தடவை பாறை பத்தலைன்னு மலையையே கொஞ்சம் சாச்சு வெச்சோம். அந்தச் சீஸ் இருக்கே, கல்லாட்டம் ஆயிருச்சு. கையை விட்டு நழுவி உருள ஆரம்பிச்சுது பாருங்க!" இங்கே ஒரு எம்பு எம்பினார். மேகலா கண்ணை மூடிக்கொண்டாள். "மஞ்சம்பாறையில ஆரம்பிச்சு மலைரோட்டுல இறங்குது. ஒவ்வொரு வளைவுலயும் அது இடது பக்கம் ஒதுங்கி முறையாத் திரும்புது. செக்போஸ்ட்டுக்காரன் பாத்து கேட்டைத் தூக்கி விட்டுட்டான். வத்தலக்குண்டு பஸ்ஸை ஓவர்டேக் பண்ணிருச்சு. அதுவும் ஹாரன் அடிச்சுட்டு!"

"சீஸு எப்படிண்ணே ஹாரன் அடிக்கும்?" என்றாள் அத்தை.

"உள்ள ஓட்டை இருக்கும்ல தாயி. உருளையில காத்துப் பூந்து ஊதும்."

"ஒருக்கா உருண்டுச்சு" என்றான் தவசி. "வாசப்படி வரைக்கும். எங்க சீஸுல ஓட்டை இருக்காதுங்க. இருந்தா செஞ்சதுல தப்புன்னு அர்த்தம்."

தருமராசு இப்போது கைப்பிடியைத் தேடவே இல்லை. மாமாவின் பேச்சை விட்டுவிட்டு, ஒவ்வொரு தடவையும் தவசி என்ன சொல்வான் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மேகலா அதைக் கவனித்தாள். இன்னும் கால் மணி நேரம் மாமா ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தால் போதும், காரியம் முடிந்துவிடும்.

ஆனால் மாமா உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தார். "குகையில வெச்சு ஆற விடணும். அதுல ஒரு சீஸை எங்க தாத்தா மறந்தே போயிட்டாரு. நாப்பது வருஷம்! பூசணம் வளர்ந்து இடுப்பு வரைக்கும் வெள்ளைத் தாடி. சுள்ளி பொறுக்கப் போனவங்க பாத்துட்டு, எவரோ சித்தர் தவத்துல இருக்காருன்னு வெளக்கேத்திக் கும்பிட்டுட்டு வந்துட்டாங்க. இன்னிக்கும் கேட்ட வரம் குடுக்குது."

காமுத்தாய் அத்தை கையெடுத்துக் கும்பிடப் போய், பாதியில் சந்தேகம் வந்து கையை இறக்கிக்கொண்டாள்.

"இந்த மூக்கு இருக்கே" என்று மாமா தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார், "என் கண்ணைக் கட்டி விடுங்க. ஏழு மலைக்கு அங்கிட்டு எங்க வீட்டுச் சீஸு இருந்தாலும் சொல்லிருவேன். எந்த மாட்டுப் பாலு, கறந்தவன் குளிச்சானா இல்லையா, எல்லாம் சொல்லிருவேன். இப்ப உங்க வீட்டுல எங்க இருக்குன்னு சொல்லட்டுமா?" மூக்கை நாலு பக்கமும் திருப்பி மூன்று தடவை உறிஞ்சினார். "அடுக்களைப் பரண்ல. பாதிக்கு மேல தின்னாச்சு. மீதியைத் துணி சுத்திப் பத்திரமா வெச்சிருக்கீங்க. சரிதானே தங்கச்சி?"

"ஆமாண்ணே! ரொம்ப நல்லாருந்துச்சு!" என்றாள் சரசு ஒரே மூச்சில்.

வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தருமராசு சிரிக்கவில்லை. அவர் முகம் சுண்டிப்போனது. முப்பத்தொரு வருஷம் கிராம் பிசகாதவர் வீட்டில், அவர் கண் முன்னாலேயே ஒரு பொய். அவர் எழுந்து நின்றார்.

"இல்லங்க. நாங்க அதைத் தொடக்கூட இல்ல. பூசணத்தைப் பாத்துப் பயந்து மாட்டுக்கொட்டகையில போட்டு வெச்சிருக்கோம். தப்புதான். இருங்க, கொண்டாந்து காட்டுறேன்."

விறுவிறுவென்று கொல்லைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். கை காலியாக இருந்தது. "அங்க... காணோமே" என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி மேகலா கேட்டதில்லை.

சன்னாசி மாமாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? மீசையை ஒதுக்கிவிட்டு, "என்னங்க இது! தின்னோம்னு வீட்டுக்காரம்மா சொல்றாங்க, திங்கலைன்னு நீங்க சொல்றீங்க, இருக்கிற இடத்துல பொருளைக் காணோம். மேல்மலையில நாங்க பொய்யே பேசிப் பழகாதவங்க" என்றார்.

அப்பா தலை குனிந்து நிற்பதை மேகலாவால் தாங்க முடியவில்லை. கல்யாணம் போனால் போகிறது என்று முன்னால் வந்தாள்.

"மாமா, கொஞ்சம் எந்திரிங்க."

"ஏம்மா?"

"எந்திரிங்க, சொல்றேன்."

மாமா முக்கி முனகி எழுந்தார். மேகலா போர்வையை உருவினாள். இருபத்திரண்டு கிலோ சீஸ் கூடத்து நடுவில் உட்கார்ந்திருந்தது. காமுத்தாய் அத்தை கிட்டே போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "காலொடிஞ்ச மோடான்னுல்ல நெனச்சேன்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏழு மலைக்கு அங்கிட்டு மோப்பம் பிடிக்கிற மூக்குக்கு நேர் கீழே ஒரு மணி நேரமாக இருந்த பொருளை எல்லாரும் பார்த்தார்கள். வேறொருவராக இருந்தால் செருப்பை மாட்டியிருப்பார். சன்னாசி மாமா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"தெரியாமயா உக்காந்தேன்? வந்து வாசல்ல கால் வெச்சதுமே வாசம் தெரிஞ்சுபோச்சு. சீஸுக்கு அழுத்தம் பத்தலை. சரியா அறுபது கிலோ ஒரு மணி நேரம் ஏத்தணும். அதான் பேச்சுக் குடுத்துக்கிட்டே வேலையைப் பாத்தேன்."

தருமராசு மெல்லத் தலையைத் தூக்கினார். முன்னறைத் தராசைக் கையால் காட்டி, "ஏறுங்க" என்றார். மாமாவால் மறுக்க முடியவில்லை. முள் ஓடி நின்றது. "எண்பத்தி நாலு" என்றார் தருமராசு. பிறகு தவசியிடம் திரும்பினார். "தம்பி, உங்க மாமா சொல்றது நெசமா? இப்படி அழுத்தணுமா?"

தவசி சீஸின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். விரல் முட்டியால் மேலே தட்டிக் காதைக் கொடுத்தான். பெருவிரலால் ஓரமெல்லாம் அழுத்திப் பார்த்தான். பிறகு அதைச் சாய்த்து அடியைத் தடவினான். அவன் முகம் மாறியது.

"இல்லங்க. அழுத்துறதெல்லாம் முதல் நாளோட சரி. நல்லவேளை, பிளக்கல." அவன் இன்னும் அடியைத்தான் தடவிக்கொண்டிருந்தான். "ஆனா அடி காஞ்சிருக்கு. பத்து நாள் போட்டது போட்டபடி கெடந்திருந்தா இந்நேரம் அடி ஊறி நசநசன்னு ஆயிருக்கும். யாரோ இதைத் தினம் திருப்பி வெச்சிருக்காங்க."

சரசு தருமராசுவைப் பார்த்தாள். தருமராசு சரசுவைப் பார்த்தார். காமுத்தாய் அத்தை இருவரையும் பார்த்தாள்.

"நான்தான்" என்றாள் மேகலா. முகமெல்லாம் சிவந்துவிட்டது. "லெட்டர்ல எழுதியிருந்தீங்கல்ல. ஒம்போது நாளு, காலையில வேலைக்குப் போறதுக்கு முந்தித் திருப்பி வெச்சேன். இன்னிக்கு மட்டும்தான் முடியல."

"ஏன்?" என்றான் தவசி.

"மேல உங்க மாமா உக்காந்திருந்தாரு."

முதலில் சிரித்தது தருமராசு. அந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்து துண்டால் துடைத்துக்கொண்டார். "அங்கிட்டு உங்க மாமா, இங்கிட்டு எங்க வீட்டம்மா. ரெண்டு தட்டும் சமமாத்தான் நிக்குது. சரசு, கத்தியைக் கொண்டா. பூ, தேங்காய் தட்டையும் எடுத்துட்டு வா" என்றார். வெட்டுமுன் சீஸையும் இன்னொரு தடவை தராசில் ஏற்றி முள்ளைப் பார்த்துக்கொண்டார். சீஸை வெட்டியபோது உள்ளே வெண்ணெய் நிறத்தில் ஒரு ஓட்டைகூட இல்லை. சரசு நகக்கண் அளவு எடுத்து வாயில் போட்டாள். அடுத்ததாக உள்ளங்கை அளவு வெட்டிக்கொண்டாள்.

கல்யாணம் தை மாதம் போடியில் நடந்தது. பந்தியில் சன்னாசி மாமாவைச் சுற்றி ஒரு கூட்டம். "பொண்ணு பாக்கப் போனேன்யா. நான் சீஸு மேல உக்காந்திருக்கேன். அந்தப் பிள்ளை வந்துச்சு. திருப்பிப் போடுற நேரம் ஆச்சு மாமான்னுச்சு. எந்திரிக்கலாம்னு பாக்கிறேன், அதுக்குள்ள ஒத்தைக் கையால என்னையும் சேத்து அலாக்காத் தூக்கித் திருப்பிப் போட்டுருச்சு! தலைகீழா நின்னேன்யா!"

"விடுங்க மாமா!" என்று எல்லாரும் கத்தினார்கள். அந்த வழியாகத் தருமராசு சாம்பார் வாளியோடு வந்தார். அவர் பொய் சொல்ல மாட்டார் என்பது போடிக்கே தெரியும். "நீங்க சொல்லுங்கண்ணே, பொண்ணு இவரைச் சேத்துத் தூக்குச்சா?" என்று அவரை நிறுத்திக் கேட்டார்கள்.

தருமராசு வாளியைக் கீழே வைத்தார். மணமேடையில் மருமகனின் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த மகளை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"தராசுல போட்டுப் பாத்தேன்" என்றார். "மாமா எண்பத்தி நாலு. சீஸு இருபத்திரண்டு கிலோ இருநூறு. ரெண்டும் சேந்து நூத்தியாறு கிலோ இருநூறு கிராம்."

வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.